செடி கலர் ஹலாலா? கேக், பலகாரம், பிரியாணி கலர் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

அஸ்ஸலாமு அலைக்கும். காரைக்குடில வீட்டுலேருந்தே கேக்கும் பலகாரமும் ஆர்டர் எடுத்து செய்றேன். பெருநாள், கல்யாண சீசன் வந்துட்டா "லாத்தா இந்த கலர் ஹலாலா", "அந்த பாட்டில்ல பூச்சி இருக்காமே"ன்னு ஃபோன் வந்துக்கிட்டே இருக்கும், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் ஆலிமா, அதாவது மார்க்கம் முறையா படிச்சவ, இல்ல. மார்க்க விஷயம் ஆலிம்சாக்கள்ட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டது, லேபிள் விஷயம் டெய்லி அதோட மல்லுக்கட்டி தெரிஞ்சுக்கிட்டது. உங்களுக்கு பத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வேணும்னா உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்ட்ட கேளுங்க.

செடில இருந்து எடுத்த கலர்னா ஹலால்தானே?

ஆமா. சாப்பாட்டு விஷயத்துல மார்க்கத்தோட அடிப்படையே, தடைன்னு வராத எல்லாம் ஆகுமானதுங்கறதுதான். குர்ஆன்ல அல்பகரா 168வது வசனத்துல பூமில உள்ளதுல ஹலாலானதையும் நல்லதையும் சாப்பிடச் சொல்லி வருது, அல்மாயிதா 3ல தானா செத்தது, ரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாத பேர்ல அறுத்ததுன்னு தடை வருது, அதே சூராவுல 90ல மது வருது. இதுல மஞ்சளும் பீட்ரூட்டும் எங்க இருக்கு? செடி கொடில போதை தர்றது, உடம்புக்குக் கெடுதல் பண்றது இது ரெண்டையும் தள்ளிட்டா மிச்சம் எல்லாம் சாப்பிடலாம். ஷாஃபியா ஹனஃபியான்னு, அதாவது எந்த மத்ஹப், எந்தச் சட்ட வழின்னு, இதுல சண்டையே கிடையாது.

அப்ப எதுக்கு இவ்வளவு பேரு பயப்படுறாங்க?

கடைல வாங்குற பாட்டில்ல இருக்குறது வெறும் செடி மட்டும் இல்லையே, அதான். பீட்ரூட் சாறை அப்படியே பாட்டில்ல ஊத்தி வச்சா ரெண்டு நாள்ல நாறிப்போகும். அதனால அதை சுண்ட வச்சு, பொடியாக்கி, இல்ல கிளிசரின்ல கலந்து, கெடாம இருக்க ஏதாவது சேர்த்து, எண்ணெயும் தண்ணியும் ஒட்டுறதுக்கு இன்னொண்ணு சேர்த்துதான் விக்கிறாங்க. இந்த கூட வர்ற ஆளுங்கள்லதான் சந்தேகமே. கிளிசரின் பாமாயில்ல இருந்தும் வரும், மாட்டுக் கொழுப்புல இருந்தும் வரும். லேபிள்ல 433ன்னு போட்டிருக்குற பாலிசார்பேட் 80, 471ன்னு போட்டிருக்குற மோனோ டைகிளிசரைடு இதுலயும் இதே கதைதான், கொழுப்பு எதோடதுன்னு அந்த நம்பர் சொல்லாது. சில பொடில ஜெலட்டின் இருக்கும். சில எசன்ஸ் டைப் கலர்ல ஆல்கஹால் இருக்கும். ஆக, செடியைப் பத்தி கேக்காதீங்க, செடியோட யாரு வந்திருக்கான்னு கேளுங்க. என்ட்ட வர்ற கேள்வில முக்காவாசி இங்கயே முடிஞ்சிரும்.

ஈ 120ன்னு ஒண்ணு பூச்சில இருந்து வருதாமே, உண்மையா?

உண்மைதான், வாட்சப் புரளி இல்ல. கொச்சினீல், கார்மைன், கார்மினிக் ஆசிட், நேச்சுரல் ரெட் 4 எல்லாம் ஒரே குடும்பம். சப்பாத்திக்கள்ளில வாழற ஒரு சின்னப் பூச்சி, பெண் பூச்சியா பிடிச்சு காயவச்சு அரைச்சு எடுக்குற சிவப்பு. பெரு நாட்டுலதான் இது ரொம்ப நடக்குது. ஒரு கிலோ காஞ்ச பூச்சிக்கு லட்சத்துக்கும் மேல பூச்சி வேணும்.

இது ஏதோ தூரதேசத்து விஷயம்னு நினைக்காதீங்க. நம்ம பக்கம் கண்மாய்க் கரையில, பொட்டக்காட்டுல நிக்கிற சப்பாத்திக்கள்ளிய கிட்டப் போய் பாத்தீங்கன்னா சிலதுல வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி திட்டுத்திட்டா இருக்கும், ஒரு குச்சிய வச்சு நசுக்குனா உள்ளேருந்து ரத்தம் மாதிரி கருஞ்சிவப்பு வரும். சாயத்துக்கு வளக்குறது வேற ரகம், இது அதோட சொந்தக்காரப் பூச்சி. 18ஆம் நூற்றாண்டு கடைசில கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க இந்த சாயத்துக்காகவே மெட்ராஸ் சைதாப்பேட்டையில கள்ளித்தோட்டம் போட்டிருக்காங்க, ஆனா நம்ம நாட்டுக்கு வந்து சேந்தது நல்ல சாயம் தர்ற ரகம் இல்ல, அது கள்ளியத்தான் தின்னு தீத்துச்சு.

வேடிக்கை என்னன்னா அதே கள்ளில பழுக்குற பழமும் செக்கச் செவேல்னு இருக்கும், சின்னப் பிள்ளைல தின்னு நாக்கு செவக்காதவங்க இந்தப் பக்கம் கம்மி. அந்தப் பழத்தோட சிவப்பு செடியோடது, தாராளமா ஹலால். முள்ள மட்டும் பாத்து எடுக்கணும். அதே செடில உக்காந்திருக்குற பூச்சியோட சிவப்புக்குத்தான் கருத்து வேறுபாடு.

சரி, அந்த பூச்சி கலர் ஹராமா இல்லையா? நேரா சொல்லுங்க.

ஹனஃபி, ஷாஃபி, ஹம்பலி மூணு மத்ஹப்லயும் வெட்டுக்கிளி தவிர பூச்சி சாப்பிடக்கூடாதுங்கறதுதான் பொதுவான சட்டம், அதனால நம்ம ஊர் ஆலிம்கள்ல நான் கேட்டவங்க எல்லாருமே வேண்டாம்னுதான் சொன்னாங்க. மாலிக்கி மத்ஹப்ல பூச்சிக்கு நிபந்தனையோட அனுமதி இருக்கு. இந்தோனேசிய உலமா கவுன்சில் 2011ல இந்தக் கலருக்கு ஆகும்னு பத்வா குடுத்திருக்கு, ஓடுற ரத்தம் இல்லாத பூச்சி, அசுத்தம் இல்ல, கெடுதல் இல்லாத வரைக்கும் பயன்படுத்தலாம்னு. மலேசியாவுலயும் அளவு கட்டுப்பாட்டோட அனுமதி உண்டு. ரெண்டு நாட்டுலயும் பெரும்பாலும் ஷாஃபிதான், அதைக் கவனிங்க, அதனால "ஷாஃபில ஹராம், முடிஞ்சுது"ன்னு கண்ணை மூடிக்கிட்டு மத்தவங்கள பாத்து கை நீட்ட முடியாது.

நான் என் கிச்சன்ல வாங்குறதில்ல. வேற கலர் இத்தனை இருக்கும்போது எதுக்கு வம்பு. ஹலால் தெளிவு, ஹராம் தெளிவு, நடுவுல சந்தேகமானது இருக்கு, அதை விட்டு விலகுறவரு மார்க்கத்தையும் மானத்தையும் காப்பாத்திக்கிட்டாருன்னு நுஃமான் பின் பஷீர் அறிவிக்கிற ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரி, முஸ்லிம் ரெண்டு தொகுப்புலயும் இருக்கு, அது எனக்குப் போதும்.

லேபிள்ல கார்மோசைன்னு இருக்கு, இண்டிகோ கார்மைன்னு இருக்கு. இதுவும் பூச்சியா?

இல்லங்க, பேருதான் குழப்புது. கார்மோசைன் 122, இண்டிகோ கார்மைன் 132, ரெண்டுமே ஃபேக்டரில கெமிக்கலா செய்றது, பூச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பேரைப் பாக்காதீங்க, நம்பரைப் பாருங்க. 120 மட்டும்தான் பூச்சி. நம்ம ஊர் பாக்கெட்ல ஐஎன்எஸ் 120ன்னு வரும், வெளிநாட்டு பாக்கெட்ல ஈ 120ன்னு வரும், ரெண்டும் ஒண்ணுதான்.

பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கு. அது போதாதா?

முக்காவாசி போதும், நான் முதல்ல பாக்குறதே அதைத்தான். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சட்டப்படி மிருகம், பறவை, மீன், முட்டை, பூச்சி எது சேந்தாலும் பச்சைப் புள்ளி போடக்கூடாது, பழுப்பு முக்கோணம்தான் போடணும். அதனால பச்சைப் புள்ளி இருந்தா 120 இல்ல, ஜெலட்டின் இல்ல, மாட்டுக்கொழுப்பு கிளிசரின் இல்லன்னு எடுத்துக்கலாம். இதுல விலக்கு, பால், தேன், தேன்மெழுகு, அப்புறம் ஷெல்லாக். ஷெல்லாக்னா அரக்கு, அதுவும் ஒரு பூச்சி சுரக்குறதுதான், மிட்டாய் பளபளப்புக்குப் பூசுவாங்க, 904. தேன் மாதிரி சுரப்புதானேன்னு ஆகும்னு சொல்ற ஆலிம்கள் நிறைய.

மிச்சம் கால்வாசி என்ன? ஆல்கஹால். மது சைவம்தானே! திராட்சை, கரும்பு, பார்லி எல்லாம் செடிதான். பச்சைப் புள்ளி ஆல்கஹாலப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. இங்கதான் நம்ம தேவையும் சைவக்காரங்க தேவையும் பிரியுது. என்ட்ட பலகாரம் வாங்குற ஒரு ஆச்சி சுத்த சைவம், "ஏத்தா, இதுல பூச்சி கீச்சி இல்லையே"ன்னு கேட்டு 120 வரைக்கும் என்னோடயே வருவாக, ஆல்கஹால் வந்ததும் "அது ஒங்க கணக்கு"ன்னு கழண்டுக்குவாக.

வெளிநாட்டுலேருந்து கொண்டுவர்ற பாட்டில்ல பச்சைப் புள்ளி இருக்காது, அதுக்கு உள்ள என்னென்ன சேர்த்திருக்குன்னு முழுசா படிச்சே ஆகணும்.

கலர்ல ஆல்கஹால் இருந்தா மொத்தமா ஹராமா?

இதுக்கு ஒத்தை வரில பதில் சொல்றவங்கள நம்பாதீங்க. மூணு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும்.

ஒண்ணு, பாட்டில்லயே ஆல்கஹால் ஒரு பொருளா இருக்கு, எத்தனால்னு லேபிள்ல போட்டிருக்கு. ஷாஃபி மத்ஹப்ல போதை தர்ற திரவம் நஜீஸ், அதாவது அசுத்தம், அதனால நம்ம பக்கத்து ஷாஃபி ஆலிம்கள் பெரும்பாலும் தவிர்க்கத்தான் சொல்வாங்க. ஹனஃபில திராட்சை, பேரீச்சையில இருந்து வந்த மதுவுக்கு ஒரு சட்டம், மத்ததுல இருந்து வந்த ஆல்கஹாலுக்கு இன்னொரு பேச்சு இருக்கு, போதைக்காக இல்லாம ரொம்ப கொஞ்சமா மருந்துலயோ உணவுலயோ சேர்ந்தா இடம் உண்டுன்னு இந்தக் காலத்து ஹனஃபி உலமாக்கள் பலர் சொல்றாங்க. மலேசியாவுல மது தயாரிப்புல இருந்து வராத ஆல்கஹால் கலருக்கும் எசன்சுக்கும் நிலையா இருக்கச் சேத்திருந்தா கடைசி உணவுல 0.5 சதவீதத்துக்கு உள்ள இருக்கணும்னு வரம்பு வச்சிருக்காங்க.

ரெண்டு, கலர் பிரிச்செடுக்க மட்டும் ஆல்கஹால் பயன்படுத்தி அப்புறம் ஆவியாக்கிட்டாங்க. மஞ்சள்ல இருந்து குர்குமின் எடுக்குறப்போ எத்தனால், அசிட்டோன், ஹெக்சேன்னு ஏதாவது ஒரு கரைப்பான் வச்சுத்தான் எடுப்பாங்க, கொச்சி பக்கம் மசாலாச் சாறு எடுக்குற இந்த ஓலியோரெசின் தொழில் பெருசு. கடைசில கரைப்பான் கிட்டத்தட்ட எல்லாம் போயிரும், லேபிள்லயும் வராது. இதை ரொம்ப நோண்ட வேண்டாம்னுதான் எனக்குச் சொன்ன ஆலிம்சா சொன்னாரு.

மூணு, புரொப்பிலின் கிளைகால், 1520. கெமிஸ்ட்ரில அதுவும் ஆல்கஹால் குடும்பம்தான், ஆனா போதை தர்ற சரக்கு இல்ல, பெட்ரோலியத்துல இருந்து வர்றது. அதைப் பாத்து பதற வேண்டாம். சார்பிட்டால், மால்டிட்டால்னு "டால்"ல முடியுற இனிப்புங்களும் அப்படித்தான்.

தண்ணி, கிளிசரின், இல்ல எண்ணெய்ல செஞ்ச கலர் ஈசியா கிடைக்குது, அதை வாங்கிட்டா இந்த மூணும் உங்களுக்குத் தேவையே இல்ல.

திராட்சைத் தோல்ல இருந்து எடுக்குற கலர்?

163, ஆந்தோசயனின். நாவல்பழம், செம்முட்டைக்கோஸ், கறுப்பு கேரட் எதுல இருந்து எடுத்தாலும் இதே நம்பர்தான், அதுல எதுவும் பிரச்சனை இல்ல. திராட்சைத் தோல் மட்டும் கொஞ்சம் நின்னு பாக்க வேண்டியது. ஏன்னா ஜூஸ் பிழிஞ்ச சக்கையில இருந்தும் எடுப்பாங்க, ஒயின் செஞ்ச சக்கையில இருந்தும் எடுப்பாங்க. எடுக்குறப்போ தோல்ல மிச்சம் இருக்குற சர்க்கரை புளிச்சு ஆல்கஹால் ஆகும், அப்புறம் சுண்ட வைக்கிறப்போ அது கிட்டத்தட்ட முழுசா வெளிய போயிரும். இது முழுக்க முழுக்கச் செடிதான், பச்சைப் புள்ளியும் கிடைக்கும், ஆனா வந்த வழி ஒயின் ஆலையா இருக்கலாம். செடி கலர்ல பச்சைப் புள்ளி இருந்தும் நான் ஹலால் முத்திரை இருக்கான்னு தேடுறது இது ஒண்ணுக்குத்தான். முத்திரை இல்லன்னா கறுப்பு கேரட்னு பேர் போட்டதை வாங்கிட்டுப் போயிருவேன், கலரும் அதே ஊதாச்சிவப்புதான்.

ஒவ்வொரு நம்பரா சொன்னா நல்லாருக்கும்.

அடிக்கடி கண்ணுல படுறதை மட்டும் சொல்றேன். 100 மஞ்சள். 101 ரைபோஃபிளேவின், வைட்டமின் பி2தான், இப்ப நுண்ணுயிர் வச்சு செய்றாங்க, ஓகே. 140, 141 இலைப்பச்சை. 150 கேரமல், சர்க்கரைய கருக்குனது, கோலால இருக்குறது. 160பி அன்னாட்டோ, முள்ளு முள்ளா காய்க்குற ஒரு மரத்தோட விதை, விதைய விரல்ல தேச்சாலே குங்குமம் மாதிரி ஒட்டும், சீஸ் வெண்ணெய் எல்லாம் மஞ்சளா இருக்குறது நிறைய இதுனாலதான். 160சி பாப்ரிக்கா, அதாவது மிளகாய். 162 பீட்ரூட். இதெல்லாம் மூலத்துல சுத்தம்.

160ஏ பீட்டா கரோட்டின் மட்டும் கொஞ்சம் கேளுங்க. கரோட்டின் எண்ணெய்ல கரையுற சரக்கு, ஜூஸ்லயும் கேக்லயும் தண்ணியோட சேரணும்னா அதுக்கு ஒரு உறை போடணும், அந்த உறை மாவுச்சத்தாவும் கருவேலம் பிசின் வகையாவும் இருக்கலாம், ஜெலட்டினாவும் இருக்கலாம். இந்தியா பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தா விட்டுருங்க. வெளிநாட்டுதுன்னா ஹலால் முத்திரை பாருங்க.

மச்சான் மலேசியாலேருந்து கலர் பாட்டில் கொண்டாந்தாரு, அந்த நாட்டு அரசோட ஹலால் முத்திரை, ஜாகிம் முத்திரை இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு யூஸ் பண்ணலாமா?

ஜாகிம் கண்டிப்பான முத்திரைதான், ஜெலட்டின், பன்றி விஷயத்துல கவலையே வேண்டாம். ஆனா மேல சொன்ன மாதிரி அங்க 120க்கு அனுமதி உண்டு, ஆல்கஹாலுக்கு வரம்போட அனுமதி உண்டு. நீங்க ஹனஃபி, 120 வேண்டாம்னு இருக்குறவங்கன்னா முத்திரை இருந்தாலும் நம்பரைப் படிங்க. நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் மலேசியா சிங்கப்பூர்ல இருக்குறதால இந்தக் கேள்வி ஓயவே ஓயாது.

கேசரி பவுடர் ஹலாலா ஹராமா?

பேர்ல கேசரி இருக்கே தவிர குங்குமப்பூவும் இல்ல செடியும் இல்ல, பெரும்பாலும் டார்ட்ராசின் 102, சன்செட் எல்லோ 110, பெட்ரோலிய வழி கெமிக்கல். மூலத்துல மிருகம் இல்ல, மது இல்ல, அதனால ஹராம்னு சொல்ல வழியில்ல. ஆனா வசனத்துல ஹலால்னு மட்டும் சொல்லி நிறுத்தல, தய்யிப், நல்லதுன்னும் சேத்துச் சொல்லிருக்கு. அந்த ரெண்டாவதைத்தான் நாம வசதியா மறந்துடுறோம்.

நம்ம நாட்டுல அனுமதிச்ச செயற்கைக் கலர் எட்டே எட்டு, அதுவும் குறிப்பிட்ட உணவுல மட்டும், ஸ்வீட், கேக், ஐஸ்கிரீம் மாதிரி, அதுலயும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. பிரியாணிக்கு அனுமதி கிடையாது. மசாலாப் பொடிக்குக் கிடையாது. ஆனா வலீமா, அதான் கல்யாண விருந்து, பிரியாணில ஆரஞ்சுச் சோறு தெரியலன்னா "என்னம்மா கலரே இல்ல"ன்னு கேக்குறது யாரு, நாமதானே? சமையல் பண்டாரி ரெண்டு விரல்ல அள்ளித் தூவுறதுல கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்னு அவருக்கும் தெரியாது நமக்கும் தெரியாது.

அதைவிட மோசம் அனுமதியே இல்லாத துணிச்சாயம். 2024 பிப்ரவரில தமிழ்நாட்டுல பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டாங்கல்ல, ரோடமின் பி கலந்திருக்குன்னு. அது பன்றியும் இல்ல மதுவும் இல்ல, ஆனா உங்க கைகளாலயே உங்கள நாசத்துல தள்ளிக்காதீங்கன்னு அல்பகரா 195 சொல்றது எதுக்காம்? விஷம்னு தெரிஞ்சும் பிள்ளைக்கு வாங்கிக் குடுத்துட்டு ஈ நம்பர் ஹலாலான்னு கேக்குறதுல அர்த்தமே இல்ல. திருவிழாக் கடை ரோஸ் கலரு என்னைக்குமே எனக்கு பயம்தான்.

குங்குமப்பூ?

ஹலால். ஹஜ் உம்ரா போறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க, அதுக்கான இஹ்ராம் நிலையில வாசனைப் பொருள் கூடாதுல்ல, குங்குமப்பூ அந்தக் கணக்குல வரும். சாப்பாட்டுல அதோட வாசனையோ ருசியோ தெரிஞ்சா ஷாஃபில கூடாது, வெறும் நிறம் மட்டும்னா பரவாயில்ல. கிளம்பறதுக்கு முன்ன ஹஜ்ரத்ட்ட கேட்டுட்டுப் போங்க. மத்தபடி விலை மலிவா வித்தா குசும்பாப் பூவா இருக்கும், சாப்பிட ஹலால்தான், குங்குமப்பூன்னு சொல்லி வித்தவருக்குத்தான் பதில் சொல்ற வேலை இருக்கு.

செட்டிநாட்டு சிக்கன் அவ்ளோ சிவப்பா இருக்கே, ஹோட்டல்ல அதுல என்ன கலர் போடுறாங்க?

வீட்டுல செஞ்சா அவ்ளோ சிவப்பா இருக்காதுங்க, அதான் விஷயம். நம்ம பக்கத்து மசாலா முண்டு மிளகாய், மல்லி, மிளகு, சோம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி எல்லாம் வறுத்து அரைக்குறது, வந்து நிக்கிற நிறம் செங்காவியும் பழுப்பும் கலந்த மாதிரி இருக்கும், எண்ணெய் பிரிஞ்சு மேல மட்டும் சிவப்பு மினுக்கும். ராமநாதபுரம் முண்டுக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது, அது காரத்துக்கு. கலருக்குன்னா பேடகி, காஷ்மீரி மிளகாய்தான், ரெண்டு கலந்து அரைச்சுப் பாருங்க, பாட்டிலே வேண்டாம். தட்டுல வந்த சிக்கன் பிளாஸ்டிக் வாளி மாதிரி செவப்பா இருந்தா, விரல்ல ஒட்டி சோப்பு போட்டும் போகலன்னா, அது மிளகாய் இல்ல.

மிளகாய்ப்பொடில சாயம் இருக்கான்னு பாக்க ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து மேல ஒரு சிட்டிகை தூவுங்க, கலக்கக் கூடாது. சாயம் இருந்தா சிவப்பு கோடு கோடா கீழ இறங்கும்.

கல்பாசி பாக்க ஏதோ காஞ்ச தோல் மாதிரி இருக்கே, அது மிருகமா?

ஒரு பொண்ணு நிஜமாவே கேட்டுச்சு, சிரிக்காதீங்க. பாறையிலயும் மரப்பட்டையிலயும் படர்ற பாசி வகை, பூஞ்சையும் பாசியும் சேந்து வாழறது. ஹலால்.

வீட்டுலயே கலர் எடுக்க எது நல்லா வரும்?

இது எனக்குப் பிடிச்ச கேள்வி. நம்ம ஊர்லயே இருக்கு கவுனி அரிசி. ராத்திரி ஊறவச்சா காலைல தண்ணி கருநாவல் கலர்ல நிக்கும். அந்தத் தண்ணில ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் விடுங்க, உங்க கண்ணு முன்னாடியே ரோஸாவும் சிவப்பாவும் திரும்பும். அதே தண்ணிய பேக்கிங் சோடா போட்ட கேக் மாவுல ஊத்துனா ஊதா மெல்ல மெல்ல செத்து சாம்பல்பச்சை ஆயிரும், பாக்கவே பாவமா இருக்கும். அதனால கவுனிக் கலரு சோடா சேராத சமாச்சாரத்துக்கு, கடல்பாசி, ஐசிங், சர்பத் இதுக்குத்தான். சங்குப்பூவும் இதே குணம், நீலம், புளிப்பு பட்டா ஊதா.

பீட்ரூட் சூடு தாங்காது, ரெட் வெல்வெட்டுக்கு அதை நம்பி இறங்குனா உள்ள வெட்டிப் பாக்குறப்போ செங்கல் கலர்தான் இருக்கும். தயிரோ எலுமிச்சையோ சேத்தா கொஞ்சம் தாங்கும். ஐசிங்க்கு மட்டும் வச்சுக்கங்க. மஞ்சள் சூட்டுக்கு அசையாது, ஆனா சோடா கூடுனா செவந்துரும், அப்புறம் "லாத்தா கேக் ஏன் அங்கங்க செவப்பா திட்டுத் திட்டா இருக்கு"ன்னு ஃபோன் வரும். பச்சைக்குப் பசலைக்கீரைய ஒரு கொதி விட்டு ஐஸ்தண்ணில போட்டு அரைச்சு வடிகட்டுங்க. கருப்பட்டி போட்டாலே கந்தரப்பத்துக்கும் பணியாரத்துக்கும் நல்ல நிறம் வந்துரும், அதுக்குப் போய் கலர் கேக்குறவங்கள எனக்குப் புரியவே இல்ல.

இதுல பாட்டில் இல்ல, நம்பர் இல்ல, கரைப்பான் இல்ல, கேள்வியே இல்ல.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி குடுத்த மனகோலம், மைசூர்பாகுல கலர் இருந்தா?

கலருக்காக ஒதுக்க ஒண்ணும் இல்ல, அவுக வீட்டுல பூச்சிக் கலரும் வராது ஜெலட்டினும் வராது, நம்மள விட கவனமா இருப்பாக. சாமிக்குப் படைச்சதா இல்லையாங்கறது வேற கேள்வி, அதுக்கும் கலருக்கும் சம்பந்தம் இல்ல, ஹஜ்ரத்ட்ட கேளுங்க. எங்க தெருவுல ஆச்சிகளே படைக்குறதுக்கு முன்ன எடுத்து வச்சுக் குடுத்து விடுறதும் உண்டு.

ஸ்வீட் மேல ஒட்டுற வெள்ளி இலை?

முன்ன மாட்டுக் குடல் தோலுக்கு நடுவுல வச்சு அடிச்சு மெலிசாக்குவாங்க, அதனாலதான் இந்தக் கேள்வி. 2016ல எஃப்எஸ்எஸ்ஏஐ மிருகப் பொருள் எதுவும் தயாரிப்புல எந்தக் கட்டத்துலயும் வரக்கூடாதுன்னு விதி போட்டிருக்கு. மெஷின்ல செஞ்சது, பச்சைப் புள்ளி பாத்து வாங்குங்க. லூசா விக்கிறதை நான் தொடுறதில்ல.

ஹலால் முத்திரை இல்லாத கலர் எல்லாம் ஹராமா?

இல்லவே இல்ல. நம்ம நாட்டுல எஃப்எஸ்எஸ்ஏஐ ஹலால் முத்திரை குடுக்குறதில்ல, தனியார் அமைப்புகளும் ஜமாஅத் சார்ந்த டிரஸ்ட்டுகளும்தான் கம்பெனி கேட்டா சோதிச்சுக் குடுக்குறாங்க, அதுக்குக் காசு கட்டணும். சின்னக் கம்பெனி வாங்காமலே இருக்கலாம். மஞ்சப்பொடிக்கு முத்திரை தேடுறவங்களையும் பாத்திருக்கேன், அது அதிகப்படி.

தெரியாம 120 போட்டத சாப்பிட்டுட்டேன், பிள்ளைக்கும் குடுத்துட்டேன். பாவமா?

தெரியாம நடந்ததுக்குக் குற்றம் இல்லன்னுதான் ஆலிம்கள் சொல்றாங்க. மனசு உறுத்துனா அல்லாஹ்ட்ட மன்னிப்பு கேட்டு இஸ்திக்ஃபார் செஞ்சுட்டு அடுத்த தடவ நம்பர் பாத்து வாங்குங்க. வாந்தி எடுக்கல்லாம் வேண்டாம், அப்படியும் ஒருத்தர் கேட்டாரு.

நானும் ஆர்டர் எடுக்குறேன். "நேச்சுரல் கலர், ஹலால்"னு போட்டு விக்கலாமா?

நிஜமா அப்படின்னா போடுங்க. ஆனா பீட்ரூட் கொஞ்சம், மிச்சத்துக்கு பாட்டில் சிவப்பு ஊத்திட்டு நேச்சுரல்னு போடாதீங்க. ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சந்தையில ஒரு தானியக் குவியலுக்குள்ள கையை விட்டுப் பாத்தாங்க, மேல காஞ்சது, உள்ள ஈரம், மழைல நனைஞ்சிருச்சுன்னு வியாபாரி சொன்னாரு, அப்ப அதை மேல வச்சிருக்கலாமே, ஏமாத்துறவன் என்னைச் சேந்தவன் இல்லன்னு சொன்னாங்க, முஸ்லிம் தொகுப்புல வர்ற ஹதீஸ். பூச்சிக் கலர்ல நாலு கருத்து இருக்கு, இதுல ஒரே கருத்துதான்.

நான் என்ன செய்றேன்னா ஆர்டர் மெசேஜ்லயே என்ன கலர், எந்த நம்பர், அதுல செயற்கை இருக்கா இல்லையான்னு போட்டுருவேன். வாங்குறவங்க எந்த மத்ஹபோ, சைவமோ, பிள்ளைக்கு அலர்ஜியோ, அவங்களே பாத்து முடிவு பண்ணிக்கட்டும். பாட்டிலோட லேபிள் பக்கத்தை ஒரு ஃபோட்டோ எடுத்து மொபைல்ல வச்சுக்கங்க, பாட்டில் காலியானப்புறம் யாராவது கேட்டா அதான் கை குடுக்கும்.

லேபிள்ல "அனுமதிக்கப்பட்ட இயற்கை நிறம்"னு மட்டும் போட்டு நம்பரே இல்லன்னா?

நம்ம ஊர் தயாரிப்புன்னா பச்சைப் புள்ளி பாருங்க, கஸ்டமர் கேர் நம்பர் பாக்கெட்ல கட்டாயம் இருக்கும், கூப்பிட்டு இது எதுல இருந்து எடுத்தது, எதுல கரைச்சிருக்குன்னு ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க. மெயில் போட்டா எழுத்துலயே பதில் வரும், அது இன்னும் நல்லது. பதில் சொல்லாம இழுத்தடிச்சாங்கன்னா அடுத்த கம்பெனிக்குப் போயிருங்க, கலருக்கா பஞ்சம்.